மலைப்பாதைச் சுவரொட்டித் தொடரைக் கருத்துக் கேட்டுச் செம்மைப்படுத்துவது எப்படி?

கோடைப் பருவம் நெருங்கும்போது நீலகிரியின் தன்னார்வக் குழுக்களும், பள்ளிகளின் பசுமைப் படைகளும், வணிகர் சங்கங்களும் விழிப்புணர்வுச் சுவரொட்டிகளை அச்சிட ஆயத்தமாகின்றன. குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள், பாட்டிலைப் பள்ளத்தில் வீசாதீர்கள் என்று சொல்ல வேண்டிய செய்திகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைத் தாங்கி வரும் தாள்களோ, பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் கூடி ஒரே மாலையில் முடிவு செய்து மறுநாளே அச்சகத்துக்கு அனுப்பியவை. வடிவமைத்தவர் திறமையானவராகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தாளைக் கடந்து செல்லப் போகிற ஒருவர்கூட அச்சுக்கு முன் அதைப் பார்த்திருக்க மாட்டார். இந்தக் குறையைக் களைவதற்குப் பணம் வேண்டியதில்லை. சில நாள் பொறுமையும், கேட்பதற்கு ஒரு முறையும் இருந்தால் போதும்.

எடுத்துக்காட்டாக, மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு, பர்லியார் வழியாகக் குன்னூருக்கு ஏறும் சாலைக்கென மூன்று சுவரொட்டிகள் கொண்ட ஒரு தொடரை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, குரங்குகளுக்கு உணவு கொடுப்பதைப் பற்றியது. இரண்டாவது, வீட்டிலிருந்தே தண்ணீர்ப் பாட்டில் கொண்டுவரச் சொல்வது. மூன்றாவது, குப்பையை வண்டியிலேயே வைத்திருந்து தொட்டி உள்ள இடத்தில் போடச் சொல்வது. கொடைக்கானலுக்கு ஏறும் வத்தலக்குண்டுச் சாலைக்கோ பழனிச் சாலைக்கோ இத்தகைய தொடரைச் செய்பவர்களும் இதே வழியைப் பின்பற்றலாம்.

கேட்பதற்கு முன் எழுத வேண்டிய வாக்கியம்

ஒவ்வொரு சுவரொட்டிக்கும், யார், எங்கே நின்றுகொண்டு அதைப் பார்ப்பார், பார்த்தபின் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். “பொதுமக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்துதல்” என்பது அத்தகைய வாக்கியம் ஆகாது. அது நிறைவேறியதா இல்லையா என்பதை எவராலும் சோதித்துப் பார்க்க இயலாது. “பர்லியாரில் தேநீருக்காக வண்டியை நிறுத்தும் குடும்பம், கையில் இருக்கும் பிஸ்கட்டைக் குரங்குக்கு நீட்டாமல் பைக்குள் வைத்து மூட வேண்டும்” என்பது சோதிக்கத்தக்க வாக்கியம். பின்னால் வரும் கருத்துகள் ஒன்றோடொன்று முரண்படும்போது, தீர்ப்புக்காக நீங்கள் திரும்பி வர வேண்டிய இடமும் இதுவே.

தாளில் எவ்வளவு எழுத்து இருக்கலாம் என்பதையும் இந்த வாக்கியமே பெருமளவு தீர்மானிக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 8 மீட்டர் நகர்கிறது. வளைவுகள் நிறைந்த பாதையில் ஒரு பலகை 25 மீட்டர் தொலைவிலிருந்துதான் கண்ணில் படும் என்றால், பயணிக்குக் கிடைப்பது மூன்று நொடிகள், அதாவது நான்கைந்து சொற்களுக்கான நேரம். பத்தடித் தொலைவுக்கு ஓர் அங்குல உயரம் என்பது பலகை எழுதுவோர் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. அது ஆங்கில எழுத்துகளை வைத்துச் சொல்லப்பட்டது. ணை, ளூ, ஞா போன்று சுழிகளும் வளைவுகளும் மிகுந்த தமிழ் எழுத்துகளுக்கு அதன் ஒன்றரை மடங்காவது கொடுப்பது நல்லது என்பது என் கருத்து. ஐம்பதடித் தொலைவிலிருந்து படிக்க வேண்டிய எழுத்துக்குக் குறைந்த கணக்கின்படியே ஐந்து அங்குல உயரம் தேவைப்படும்போது, 297 மில்லிமீட்டர் அகலமே உள்ள ஏ3 தாளில் ஒரு சொல்கூட அடங்காது. ஆகவே ஏ3 சுவரொட்டி ஓடும் வண்டிக்கு உரியதன்று; வண்டி நிற்கும் இடத்துக்கு உரியது. கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுநரின் கண்ணை இழுக்கும் எந்தத் தாளையும் வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தத் தொடருக்கு உரிய இடங்கள் கல்லாறு சோதனைச் சாவடி, பர்லியார்க் கடைகள், குன்னூர்ப் பேருந்து நிலையம், மலை ரயில் நிலையங்கள் ஆகியவைதாம் என்பது வரையத் தொடங்கும் முன்பே தெளிவாகிவிடுகிறது.

யாரிடம் காட்டுவது

குழுவின் வாட்ஸ்அப்பில் படத்தைப் போட்டுவிட்டு, கைவிரல் சின்னங்களையும் “அருமை” என்ற பாராட்டுகளையும் எண்ணிக்கொண்டிருப்பது கருத்துக் கேட்பு ஆகாது. அங்கே இருப்பவர்கள் அனைவரும் செய்தியை முன்பே அறிந்தவர்கள். அறிந்தவருக்குப் புரிகிறது என்பதால் அறியாதவருக்கும் புரியும் என்று கொள்ள முடியாது. அது மட்டுமன்று, கைபேசித் திரை பின்னிருந்து ஒளி வீசுவது. மங்கலான நிறமும் அதில் பளிச்சென்று தெரியும், சிறிய எழுத்தையும் விரலால் பெரிதாக்கிப் படித்துவிடலாம். சுவரில் ஒட்டிய தாளுக்கு இந்த வசதிகள் எவையும் இல்லை.

முதலில் கேட்க வேண்டியவர்கள் மலையேறும் பயணிகள். மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்தில் காலையில் மலை ரயிலுக்காகக் காத்திருப்பவர்களிடமும், பேருந்து நிலையத்தில் வண்டிக்கு நிற்பவர்களிடமும் நேரம் இருக்கும். அவர்கள் இன்னும் மலைக்குள் நுழையாததால், நீங்கள் சொல்லப் போகும் செய்தி அவர்களுக்குப் புதிதாகவும் இருக்கும். அடுத்து, நாள் முழுவதும் பயணிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள்: பழக்கடைக்காரர்கள், பேருந்து நடத்துநர்கள், சுற்றுலா வேன் ஓட்டுநர்கள், சாலையோரம் குப்பை பொறுக்கும் தூய்மைப் பணியாளர்கள். என்னைக் கேட்டால், இவர்களுடைய சொல்லே மற்ற எவருடைய சொல்லையும்விட விலை மதிப்புள்ளது. பயணி என்ன செய்வதாகச் சொல்கிறார் என்பதைப் பயணியிடம் கேட்கலாம், உண்மையில் என்ன செய்கிறார் என்பதை இவர்கள்தாம் சொல்ல முடியும். படத்தில் இடம்பெறும் மனிதர்களும் சமூகத்தாரும், ஒட்டுவதற்கு அனுமதி தர வேண்டிய அலுவலர்களும் பின்னர் வருகிறார்கள். ஒவ்வொரு வகையிலும் ஐந்தாறு பேரிடம் கேட்டால் போதும். சொன்னதையே திரும்பச் சொல்லத் தொடங்கும்போது நிறுத்திக்கொள்ளலாம். ஐம்பது பயணிகளிடம் ஒரே வரைவைக் காட்டுவதைவிட, ஆறு பேரிடம் காட்டித் திருத்திவிட்டு, திருத்தியதை வேறு ஆறு பேரிடம் காட்டுவதே பயன் தரும்.

காட்டும் விதமும் கேட்கும் விதமும்

முதல் சுற்றில் முழுமையான வண்ண வடிவத்தைக் காட்டாதீர்கள். மெருகேறிய தாளைக் கண்டவர் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணி, மனம் நோகக் கூடாதே என்ற பண்பில் “நல்லா இருக்குங்க” என்று சொல்லி நகர்ந்துவிடுவார். பென்சில் கோட்டில் வரைந்த, கறுப்பு வெள்ளையில் அச்செடுத்த தாளைக் கண்டால், இன்னும் மாற்றலாம் என்ற துணிவு அவருக்கு வரும். ஆனால் அளவு மட்டும் உண்மையான அளவாக இருக்க வேண்டும். நான்கு ஏ4 தாள்களைச் சேர்த்து ஒட்டினால் ஓர் ஏ2 கிடைக்கும். அதை உண்மையில் ஒட்டப் போகும் உயரத்தில் பிடித்து, உண்மையில் நிற்கும் தொலைவில் அவரை நிறுத்திக் காட்டுங்கள்.

வரைந்தவர் கேட்கச் செல்லக் கூடாது. அவரால் விளக்கம் சொல்லாமல் இருக்க முடியாது. விளக்கம் கேட்டபின் வரும் கருத்து சுவரொட்டியைப் பற்றியதாக இராது. குழுவில் வேறொருவர் சென்று, “இத வேற ஒருத்தர் வரஞ்சிருக்காருங்கக்கா, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எங்க புரியலைன்னு பாத்துட்டு இருக்கோம், மனசுல பட்டதச் சொன்னாப் போதும்” என்று தொடங்கினால், குறை சொல்வது உதவி செய்வதாக மாறிவிடும். பிறகு தாளை ஐந்து நொடிகள் மட்டும் காட்டி மறைத்துவிட்டு, என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். அதன்பின் தாளைத் திரும்பக் காட்டி, இது யாருக்குச் சொல்லப்படுகிறது, என்ன செய்யச் சொல்கிறது, இதில் புரியாதது ஏதேனும் உண்டா, யாரையேனும் புண்படுத்துமா என்று வரிசையாகக் கேட்கலாம். “பிடித்திருக்கிறதா?” என்ற கேள்வியை விட்டுவிடுங்கள், அதற்கு வரும் விடையைக் கொண்டு ஒரு கோட்டைக்கூடத் திருத்த முடியாது. விடைகளைச் சுருக்காமல், சொன்னவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும், தமிழ் படிக்கத் தெரியாத பயணிகளிடமும் எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டுங்கள். நமக்கு இயல்பாகத் தோன்றும் குறியீடுகள் எல்லோருக்கும் இயல்பானவை அல்ல. 1976இல் யுனிசெஃப் ஆதரவுடன் நேபாளத்துக் கிராமங்களில் நடந்த ஆய்வில், அச்சுப் படங்களைப் பார்த்துப் பழகாத மக்கள், நிழல் தீட்டிய ஓவியங்களையும் பின்னணி நீக்கிய புகைப்படங்களையும் அடையாளம் கண்ட அளவுக்குக் குச்சிகளைப் போல் சுருக்கி வரைந்த உருவங்களை அடையாளம் காணவில்லை. கணினியில் ஆயத்தமாகக் கிடைக்கும் சின்னங்களை அடுக்கிச் சுவரொட்டி செய்யும் இக்காலத்துப் பழக்கத்துக்கு அந்த ஆய்வு இன்றும் தக்க எச்சரிக்கையாகும்.

குரங்குப் படம்: ஒரு கருத்தை எப்படிப் படிப்பது

முதல் சுவரொட்டியின் வரைவில், பிஸ்கட் பொட்டலத்தை ஏந்திய ஒரு குரங்குக் குட்டியின் அழகிய புகைப்படமும், அதன் குறுக்கே சிவப்புப் பெருக்கல் குறியும், கீழே “குரங்குகளுக்கு உணவளிப்பதைத் தவிர்க்கவும்” என்ற வரியும் இருப்பதாகக் கொள்வோம். இந்த அமைப்பைப் பல ஊர்களிலும் காணலாம். ஐந்து நொடிச் சோதனையில் இதற்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் “குரங்கு பிஸ்கட் சாப்பிடுது” என்பதாகவே இருக்கும். குழந்தைகள் அதோடு “அழகா இருக்கு” என்றும் சேர்த்துக்கொள்வார்கள். தொலைவில் மெல்லிய சிவப்புக் கோடு மறைந்துவிட, தடுக்க வேண்டிய செயலுக்கான அழைப்பாகவே படம் நின்றுவிடுகிறது.

இங்கே கேட்டவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மருந்தும் சொல்வார்கள்: பெருக்கல் குறியைத் தடிமனாக்குங்கள், எழுத்தைச் சிவப்பாக்குங்கள், மூன்று ஆச்சரியக்குறி போடுங்கள். அவர்கள் கண்ட குறை உண்மையானது. ஆனால் சொன்ன மாற்றத்தை அப்படியே செய்ய வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. குறை எங்கிருந்து வருகிறது என்று தேடினால், படமும் எழுத்தும் எதிரெதிர்த் திசையில் பேசுகின்றன என்பதும், கண் படத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறது என்பதும் தெரியவரும். எனவே மாற்ற வேண்டியது படத்தை. வண்டிச் சக்கரத்தின் அருகே குரங்கு நிற்கும் காட்சி, மரத்தில் காட்டுப் பழம் உண்ணும் குரங்கு, மூடிய பையின் மேல் ஒரு குழந்தையின் கை என மூன்று மாற்று வரைவுகளைச் செய்து, காட்டும் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றிக் காட்டிப் பாருங்கள். சக்கரத்துப் படம் அழுத்தமாக இருக்கும். ஆனால் அச்சமூட்டும் படத்திலிருந்து பெற்றோர் குழந்தையின் முகத்தைத் திருப்பிவிடுவார்கள், அதைத் தம் கடை வாயிலில் ஒட்டக் கடைக்காரரும் தயங்குவார். மரத்துக் குரங்கு கண்ணுக்கு இனியது. ஆனால் அது எதையும் செய்யச் சொல்லவில்லை. மூடிய பையே, நாம் முதலில் எழுதி வைத்த வாக்கியத்தை அப்படியே காட்டுகிறது. நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

உள்ளூர்க் கண்ணுக்கு மட்டுமே தெரியும் பிழைகளும் உண்டு. இணையத்தில் எடுத்த படத்தில் இருப்பது வட இந்தியாவின் செம்முகக் குரங்காக இருந்தால், பர்லியார்க் கடைக்காரர் ஒரே பார்வையில் “இது நம்ம ஊர்க் கொரங்கு இல்லீங்களே” என்று சொல்லிவிடுவார். இந்தச் சாலையோரத்தில் இருப்பது, தலையில் தொப்பி கவிழ்த்தாற்போல் மயிர் படர்ந்த, நீண்ட வாலுடைய நாட்டுக்குரங்கு. காட்டெருமைக்குப் பதில் ஆப்பிரிக்க எருமையும், நம் யானைக்குப் பதில் அகன்ற காதுடைய ஆப்பிரிக்க யானையும் இவ்வாறே புகுந்துவிடுகின்றன. செய்தி எவ்வளவு சரியானதாக இருந்தாலும், விலங்கையே சரியாக அறியாதவர் சொல்லும் அறிவுரையை மலைமக்கள் பொருட்படுத்த மாட்டார்கள்.

அதே கடைக்காரரிடமிருந்து மற்றொரு கருத்தும் வரக்கூடும்: குரங்குக்குக் கொடுப்பதற்காகவே சிலர் வாழைப்பழமும் சோளமும் வாங்குகிறார்கள், அந்த வியாபாரம் போய்விடுமே என்பது. இதைத் தன்னல எதிர்ப்பு என்று ஒதுக்கிவிட்டால், உங்கள் தாள் அந்தக் கடை வாயிலில் ஒரு வாரம்கூடத் தங்காது. சற்று நின்று பேசினால், குரங்குகளால் மிகுந்த இழப்புக்கு ஆளாகிறவரும் அவரே என்பது தெரியும். அடுக்கி வைத்த பழம் பறிபோகிறது, தகரக் கூரை பெயர்கிறது, பிள்ளைகள் கையில் தின்பண்டத்தோடு நடக்க முடிவதில்லை. “இன்னிக்கு நீங்க குடுத்தா, நாளைக்கு எங்ககிட்டப் புடுங்கும்” என்பது போன்ற ஒரு வாக்கியம் அந்தப் பேச்சில் வந்து விழுமானால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். “தவிர்க்கவும்” என்று முடியும் அலுவலக வரியைவிட அது எத்தனையோ மடங்கு வலியது. சொன்னவரின் இசைவோடு அதையே தலைப்பு வரியாக்கலாம்.

சொல்லும் தகவலும்

குப்பையைப் பற்றிய மூன்றாவது சுவரொட்டியில், “ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் இந்த மலையைக் குப்பைமேடாக்குகிறார்கள்” என்று எழுதத் தோன்றும். வருத்தத்தில் எழும் வரி அது. ஆயினும் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள் என்ற செய்தியையும் அது சேர்த்தே சொல்லிவிடுகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கல்லாகிப் போன தொன்மையான மரங்கள் நிறைந்த ஒரு தேசியப் பூங்காவில், உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். முன்பு வந்த பலர் மரத்துண்டுகளை எடுத்துச் சென்றுவிட்டார்கள் என்று வருந்திய பலகை இருந்தபோது, அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் ஏறக்குறைய 8 விழுக்காடு திருடு போயின. எடுக்காதீர்கள் என்று நேரடியாகக் கேட்டுக்கொண்ட பலகை இருந்தபோது அது 2 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது. ஆகவே உங்கள் வரைவைப் படித்தவரிடம், “இங்கே வருபவர்களில் பெரும்பாலோர் என்ன செய்வார்கள் என்று இந்தத் தாள் சொல்கிறது?” என்று ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேளுங்கள். குப்பை போடுவார்கள் என்று விடை வந்தால் வரியை மாற்றியாக வேண்டும்.

தண்ணீர்ப் பாட்டில் சுவரொட்டியில் தகவலே முதன்மையானது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் சிலவற்றுக்குத் தமிழ்நாடு முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. நீலகிரியிலோ அதற்கு மேலாகச் சிறிய பிளாஸ்டிக் குடிநீர்ப் பாட்டில்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. சமவெளிக் கடைகளில் தாராளமாக விற்கும் ஒரு பொருள் மலையில் ஏன் கூடாது என்பது பயணிக்கு இயல்பாக எழும் ஐயம். அதைக் குற்றவாளியிடம் பேசும் தொனியில் சந்திக்காமல், இரண்டு வரியில் விளக்கிவிட வேண்டும். “அப்ப கொழந்தைக்குத் தண்ணி எங்கே புடிக்கிறது?” என்று ஒரு தாய் கேட்டாரானால், அது இந்தச் சுற்றில் கிடைத்த மிகச் சிறந்த கருத்து. அருகில் உள்ள குடிநீர் ஏடிஎம் எங்கே இருக்கிறது என்பதைத் தாளின் கீழ்ப்பகுதியில் பெரிதாகப் போடுங்கள். போடுவதற்கு முன் நேரில் சென்று அதில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வறண்ட இயந்திரத்துக்கு வழிகாட்டிய குழுவின் அடுத்த சுவரொட்டியை எவரும் நம்ப மாட்டார்கள். அபராதத் தொகைகளும் அவ்வாறே. உரிய அலுவலகம் எழுத்தில் உறுதி செய்யாத எண் எதையும் அச்சிட வேண்டாம்.

மூன்று நான்கு மொழிகளை ஒரே தாளில் திணித்தால் எதுவும் படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும். கூடலூர் வழியாக வருவோருக்கு மலையாளமும் கன்னடமும் முதன்மையாக உள்ள தாள்களும், கல்லாறு வழியாக வருவோருக்குத் தமிழ் முதன்மையாக உள்ள தாள்களும் தனித்தனியே இருக்கட்டும். மொழிபெயர்த்தவர் சரி என்று சொன்னாலும், அந்த மொழியில் நாள்தோறும் பேசும் இரண்டு பேர் அதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிகளுக்கென, அதாவது படுகர் ஊர்களுக்கென, படுக மொழி வரியைத் தமிழ் எழுத்தில் எழுதும்போதும் அப்படியே. மூத்தவர் ஒருவரும் இளையவர் ஒருவரும் அதைத் தடங்கலின்றிப் படிக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

எழுத்துப்பிழை பார்ப்பதை இறுதிக்குத் தள்ளாதீர்கள். பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போதும், தமிழை ஏற்கும்படி அமைக்காத வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டும்போதும், கொம்புகளும் கால்களும் இடம் மாறிவிடுகின்றன. கொ, கோ, கை போன்ற எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒற்றுப்பிழைகளைக் கண்டறிய ஒரு தமிழாசிரியரிடம் காட்டுங்கள். நீண்ட சொல்லை இரண்டு வரிகளில் உடைக்காதீர்கள். வரியில் அடங்கவில்லை என்றால் சொல்லை மாற்றுங்கள், எழுத்தை நெருக்காதீர்கள்.

ஒருவர் சொன்னாலும் ஏற்க வேண்டியவை

குறிப்பேட்டில் சேர்ந்த கருத்துகளை, சொன்னது என்ன, அதன் பின்னால் இருக்கும் குறை என்ன, செய்யப் போவது என்ன என்று மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதினால் பாதி வேலை முடிந்துவிடும். நிறம், அழகு, எழுத்துரு பற்றிய விருப்பங்களுக்குப் பலரும் ஒன்றையே சொன்னால் மட்டும் செவி கொடுங்கள். தவறான பொருள் கொள்ளப்பட்டது என்றால் இரண்டு பேர் சொன்னாலே போதும், திருத்தியாக வேண்டும். தகவல் பிழையையும் மனம் புண்படுவதையும் பொறுத்தவரை ஒரே ஒருவர் சொன்னாலும் வேலையை நிறுத்தி ஆராய வேண்டும்.

இந்தக் கடைசி வகைக்கு நீலகிரியில் அடிக்கடி நேரும் ஓர் எடுத்துக்காட்டைச் சொல்ல வேண்டும். சுவரொட்டிக்கு மலைநாட்டுத் தோற்றம் வர வேண்டும் என்பதற்காக, தோடர்களின் பூத்துக்குளிச் சால்வையில் உள்ள சிவப்பு கறுப்புப் பின்னல் வடிவத்தைச் சுற்றுக் கரையாக வைத்துவிடுகிறார்கள். தோடப் பெண்களின் அந்தக் கைவேலை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தச் சால்வை அவர்கள் வாழ்க்கைச் சடங்குகளோடும் இறுதிச் சடங்குகளோடும் பிணைந்தது. அதைக் குப்பைத் தொட்டிப் படத்தைச் சுற்றி அலங்காரமாக ஓடவிடுவது முறைதானா என்பதை அந்தப் பின்னலைச் செய்யும் பெண்களே சொல்ல வேண்டும். அவர்களிடம் காட்டுங்கள், வேண்டாம் என்றால் வாதிடாமல் எடுத்துவிடுங்கள். தேயிலை பறிக்கும் பெண்களின் படத்தையும், பழங்குடிக் குழந்தைகளின் முகத்தையும் பயன்படுத்துவதற்கும் இதே நெறி பொருந்தும்.

நன்கொடையாளர்களின் கருத்து தனி வகை. தங்கள் சின்னம் பெரிதாக வேண்டும், விருந்தினர் படம் மேலே வர வேண்டும் என்ற வேண்டுகோள்கள் தவறாமல் வரும். வடிவமைப்பு முடிந்தபின் அதைப் பற்றிப் பேசினால் மனக்கசப்பில்தான் முடியும். தாளின் அடியில் பத்தில் ஒரு பங்கு உயரம் மட்டுமே சின்னங்களுக்கு உரியது என்று பணம் வாங்கும் நாளிலேயே எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். தவறிவிட்டால், சின்னம் பெரிதாக உள்ள வரைவு, சிறிதாக உள்ள வரைவு இரண்டையும் பயணிகளிடம் காட்டி, செய்தி எதில் நினைவில் நின்றது என்ற விடைத்தாளை நன்கொடையாளர் முன் வையுங்கள், நியாயமானவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

ஒரு தாளில் செய்த மாற்றத்தை மற்ற இரண்டிலும் செய்ய மறக்க வேண்டாம். தலைப்பு இருக்கும் இடமும், எழுத்துருவும், நிறத்திட்டமும் மூன்றிலும் ஒன்றாக இருந்தால்தான், கல்லாறில் முதல் தாளைப் பார்த்தவர் குன்னூரில் மூன்றாவதைக் கண்டதும் இரண்டும் ஒரே குரல் என்று உணர்வார்.

மஞ்சும் மழையும் வெயிலும்

இறுதி வரைவை அறைக்குள் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சோலைகளும் தேயிலைத் தோட்டங்களும் சூழ்ந்த மலையில், இயற்கையைக் குறிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்த பச்சைத் தாள் பின்னணியோடு கலந்து மறைந்துவிடும். மஞ்சளின் மேல் கறுப்பு, வெள்ளையின் மேல் கறுப்பு ஆகியவை தொலைவிலும் நிற்கும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்கள் சிலருக்கு உண்டு என்பதால், கூடும், கூடாது என்ற வேறுபாட்டை நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள். மஞ்சு இறங்கும் நாளுக்காகக் காத்திருக்க முடியாவிட்டால், வரைவின் மேல் ஒரு டிரேசிங் தாளை விரித்துப் பாருங்கள். அதன் வழியாகவும் தலைப்பு வரி தெரிய வேண்டும். திரையில் ஒளிரும் நிறங்கள் நான்கு வண்ண அச்சில் அப்படியே வருவதில்லை. ஆகையால் அச்சிடப் போகும் அதே தாளில் ஒரு மாதிரிப் படியை எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தபின்பே ஒப்புதல் கையெழுத்து இடுங்கள்.

பிளாஸ்டிக்குக்கு எதிரான செய்தியை ஃபிளெக்ஸில் அடிக்கலாமா என்று தூய்மைப் பணியாளர் ஒருவர் கேட்டால், அதற்கு நேர்மையான விடை “கூடாது” என்பதுதான். ஃபிளெக்ஸும் பிவிசி என்னும் பிளாஸ்டிக்தான். நீண்ட காலம் நிற்க வேண்டிய இடங்களுக்குத் தகரத்தில் வண்ணம் தீட்டியும், குறுகிய காலத்துக்குத் தாளிலும் துணியிலும் செய்யலாம். மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். திறந்தவெளி இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் நடைமுறையில் இருப்பதால், நெடுஞ்சாலை, வனத்துறை, உள்ளாட்சி ஆகியவற்றில் அந்தந்த இடத்துக்கு உரியவர்களிடம் அனுமதி பெற்று, ஒட்ட வேண்டிய இடத்தையும் அவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முழு எண்ணிக்கையையும் ஒரே நாளில் அச்சிடாமல், சில படிகளை மட்டும் எடுத்து ஓரிடத்தில் இரண்டு வார இறுதிகள் ஒட்டிப் பாருங்கள். ஒட்டுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையிலும் ஒட்டிய பிந்தைய ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரே மணி நேரத்தில், அங்கே நின்ற வண்டிகளில் நூற்றுக்கு எத்தனை வண்டிகளிலிருந்து குரங்குக்கு உணவு போனது என்று எண்ணுங்கள். கூட்டம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் விகிதமே கணக்கு. சுவரொட்டி ஒட்டாத மற்றொரு நிறுத்தத்திலும் அதே நேரத்தில் ஒருவர் எண்ணினால், வந்த மாற்றம் தாளால் வந்ததா, மழையால் வந்ததா என்று பிரித்தறியலாம். மாற்றம் ஏதும் இல்லையென்றால், பெரும்பாலும் குறை படத்தில் இராது, இடத்தில் இருக்கும். தாளை வண்டி நிறுத்தத்திலிருந்து தின்பண்டம் விற்கும் மேசைக்கு நகர்த்திப் பாருங்கள். மே மாத மலர்க் கண்காட்சிக்குத் தாள் சுவரில் இருக்க வேண்டுமானால், இந்தச் சோதனை மார்ச் மாதத்திலேயே முடிந்திருக்க வேண்டும்.

செப்டம்பரில் தொடங்கும் இரண்டாம் பருவத்துக்கு முன் ஒரு முறை எல்லா இடங்களுக்கும் சென்று வாருங்கள். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் தாள்கள் ஏற்கெனவே உரிந்திருக்கும்; குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வலுவானது என்பதால், அங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பவை வெயிலில் வெளுத்தவையாக இருக்கும். அச்சு மைகளில் மஞ்சளும் கருஞ்சிவப்பும் முதலில் மங்குகின்றன. நீலமும் கறுப்பும் அதிக நாள் நிற்கின்றன. “கொடுக்காதீர்கள்” என்ற சொல் சிவப்பில் இருந்திருந்தால் அந்தச் சொல் மட்டும் மறைந்து, “குரங்குகளுக்கு உணவு” என்பது கறுப்பில் தெளிவாக நிற்கும். அத்தகைய தாள்களை அன்றே கிழித்தெடுத்துவிட்டு, அடுத்த அச்சில் முழு வரியையும் கறுப்பிலேயே அடிக்கச் சொல்லுங்கள்.